மலையிறங்கப் பூசிய பவுடர்

இன்று காலை மலை மேலே செம்மேட்டில் பஸ் ஏறினேன். முட்டி வலிக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கழுத்து வரைக்கும் பவுடர் பூசியிருந்தாள். பஸ் முதல் வளைவில் திரும்பியதும் ஜன்னல் காற்று அந்த வாசனையை வாரிக்கொண்டு வந்து என் முகத்தில் போட்டது. உன் பவுடர் டப்பாவின் வாசனை. ரோஜாப்பூவைச் சுண்ணாம்பில் பிசைந்தது போல இருக்கிறது என்று நான் கேலி பேசுவேனே, அதே வாசனை.

நான் அழவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுகள் எல்லாம் முடிந்து தரை வருகிற வரைக்கும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ போய் இரண்டு மிளகுப் பறிப்பு முடிந்துவிட்டது. இன்னும் இந்த ஒரு வாசனையை என்னால் மூக்கால் இழுக்க முடியவில்லை.

நம் பக்கத்துப் பெண்கள் மலையை விட்டு இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. காட்டில் எப்படி இருந்தாலும் சரி. கீழே போகிற அன்றைக்குத் துவைத்து வெளுத்த சேலை, படிந்த தலை, பொட்டு, பவுடர். கீழே இருக்கிறவர்கள் நம்மை மலைக்காரி என்று ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், அந்தப் பார்வைக்கு இடம் கொடுக்கக் கூடாது. நம் மாமியார் சாகக் கிடந்தபோதுகூட, ஜீப்பில் ஏற்றும் முன்னால் கண்ணாடி கேட்டார். அதோடு இன்னொன்றும் உண்டு. வெளி ஆள் யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், நல்லா இருக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் அதுதான் பதில். மரியாதை அது.

இந்த இரண்டையும் நீ எந்த நோயிலும் விட்டுக்கொடுக்கவில்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டு மருமகள்கள். நான் மூத்தவள், நீ இளையவள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது வரப்பில் நின்ற அந்தப் பலா மரத்துக்காக நாம் பேச்சை நிறுத்தினோம். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, வருசக்கணக்கில் பேசவில்லை. நான் குடத்தை வைத்தால் நீ முகத்தைத் திருப்புவாய். நீ துணி காயப்போட்டால் நான் கோழியை விரட்டுவது போல உன்னை வைவேன். அப்படி இருந்தவர்கள் நாம்.

அந்த வருசம் சாமை அறுப்பில் உன் முகம் சிவந்தது. மூக்குத் தண்டில் ஆரம்பித்து இரண்டு கன்னத்துக்கும் பரவி, பட்டாம்பூச்சி சிறகு விரித்து உட்கார்ந்தது போல. வெயில் கொப்பளம் என்றார்கள் சிலர். சாமி குத்தம் என்றார்கள் சிலர். பிறகு காய்ச்சல். கை விரல்கள் மடங்கவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. ஒரு நாள் உன்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஜீப் வந்து நின்றது. கூட ஒரு பொம்பளை ஏற வேண்டும், உன் மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருந்தாள், அன்றைக்கு எல்லாரும் களத்தில் இருந்தார்கள். நான்தான் ஏறினேன். ஏறியும் பேசவில்லை. பாதி வளைவு இறங்குவதற்குள் நீ என் மடியிலேயே வாந்தி எடுத்தாய். எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்:

"ஏனுங்கக்கா, அந்தப் பலா மரத்தை நீங்களே வெச்சுக்கங்க."

"வாயை மூடிட்டு வாந்தி எடு புள்ள. இன்னும் பாதி மலை கெடக்குது."

முன்னால் ஜீப் ஓட்டியவன் சிரித்துவிட்டான். நீயும் சிரித்தாய். என் சேலை முழுக்க நாற்றம். நம் பேச்சு அங்கேதான் திரும்பத் தொடங்கியது.

அதற்குப் பிறகு எத்தனை முறை கீழே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனோம் என்று நான் எண்ணி வைக்கவில்லை. காய்ச்சல் என்று போனோம். நெஞ்சைப் பிடிக்கிறது என்று போனோம். கால் வீங்கிப் போனோம். ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். "உடம்பு வலிதாம்மா, காட்டு வேலை செய்யறீங்கல்ல," என்றார்கள். நீ தலையாட்டினாய். பவுடருக்குக் கீழே இருந்த பட்டாம்பூச்சியை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. எப்படி இருக்கீங்க என்று கேட்ட ஒவ்வொரு டாக்டருக்கும் நீ, "நல்லா இருக்கேனுங்க சாமி," என்றாய். நல்லா இருக்கிறவள் எதற்கு மலையிறங்கி வந்தாள் என்று அவர்களும் யோசிக்கவில்லை.

ஒரே ஒரு டாக்டரம்மா பார்த்தாள். ஒரு மத்தியான நேரம். புதிதாக வந்தவள், சின்ன வயது. உனக்குக் காய்ச்சல் கொதித்தது. வேர்வையில் பவுடர் கரைந்து மூக்கின் இரண்டு பக்கமும் கோடு கோடாக வழிந்திருந்தது. அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, "தொடைச்சுப் பாக்கலாங்களா?" என்று உன்னிடம் கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டாய். அவள் துடைத்தாள்.

ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள், மேலே கீழே நடக்க வைத்தார்கள். கடைசியில் லூபஸ் என்றாள். உடம்பைக் காவல் காக்க வேண்டிய சக்தியே திரும்பி உடம்பை அடிக்கிறது என்று பொறுமையாகச் சொன்னாள். நீ கேட்டாய்:

"அப்ப எங்க மாமியா மாதிரிங்களா? காப்பாத்தறேன்னு கூட்டியாந்து அவிங்களே அடிக்கிறது?"

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லூபஸ் என்ற அந்த வார்த்தையை நான் மனசில் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகாதவள் நான். பஸ் பலகையையும் சிமெண்டு மூட்டையையும் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவள். அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் எழுதியிருந்த எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தேன். லூபஸ் என்று அங்கே எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அமைதி காக்கவும் என்று மட்டும் நாலு இடத்தில் எழுதியிருந்தது.

பெயர் தெரிந்துவிட்டது, இனி அவசரப் பிரிவுக்கு வர வேண்டியதில்லை என்று நினைத்தோம். அங்கேதான் ஏமாந்தோம். இந்த நோய்க்கென்று இருக்கிற டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் பார்ப்பார். நம் ஊரிலிருந்து கிளம்பும் முதல் பஸ் மலையிறங்கி, அடுத்த பஸ் மாறி, அங்கே போய்ச் சேருவதற்குள் டோக்கன் முடிந்திருக்கும். அடுத்த வாரம் வாங்க என்பார்கள். அடுத்த வாரம் மழை, மரம் விழுந்து ரோடு அடைபட்டிருக்கும். மாத்திரை தீர்ந்துபோகும். மேலே இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரை கிடையாது. மாத்திரை நின்றால் நோய் எழுந்துகொள்ளும். எழுந்தால் ஜீப், ஜீப் என்றால் அவசரப் பிரிவு. அங்கே ஊசி போட்டுக் காய்ச்சலை இறக்குவார்கள். மாத்திரை கேட்டால், அது அந்த டாக்டர் எழுதினால்தான் தருவோம், அவருடைய நாளில் வாங்க என்பார்கள். இப்படியே சுற்றினோம், செக்கு மாடு போல.

அவர்களுக்கு நம் முகம் பழகிவிட்டது. அதுதான் கேடு. முதலில், "கொல்லிமலை அக்கா வந்துட்டாங்க, பெட்டைக் காலி பண்ணுங்க," என்று சிரித்துக்கொண்டே சொன்ன அதே நர்ஸம்மா, போகப் போகச் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏம்மா, நாள் பாத்து ஓபிக்கு வர மாட்டீங்களா? எப்பப் பாத்தாலும் இங்கயேதானா?"

"எங்க நோவுக்குக் கெழமை தெரியறதில்லீங்க," என்றேன் நான்.

"பாட்டிக்கு வாய் ஜாஸ்தி."

"வாய் மட்டுந்தானுங்க எங்களுக்கு மேல இருந்து கீழ வரைக்கும் கெட்டுப்போகாம வருது."

நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாய். "உடுங்கக்கா. பாவம், காலையிலருந்து நிக்கிறாங்க," என்றாய். உன்னை இழிவாகப் பேசுகிறவளுக்கும் நீ பரிந்து பேசினாய். எனக்கு அது இன்றைக்கும் பிடிக்கவில்லை.

வெயில் ஆகாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். வெயில் ஆகாமல் காட்டுக்காரி எப்படிப் பிழைப்பது? நீ குடை பிடித்துக்கொண்டு மரவள்ளிக்குக் களை எடுத்தாய். ஒரு கையில் குடை, ஒரு கையில் களைக்கொத்து. மேட்டுக்காட்டில் நின்ற பொம்பளைகள் எல்லாம் கைகொட்டினார்கள்.

"மகாராணி களை எடுக்க வந்துட்டாங்கடியோவ்! பல்லக்கு எங்க?"

"பல்லக்கைத் தூக்கறதுக்குத்தான் உங்களையெல்லாம் கூப்பிடச் சொன்னாங்க, வாங்கடி!" என்று கத்தினேன். நீ குடைக்குள்ளேயே குலுங்கினாய். அந்தக் கறுப்புக் குடை அசைவது மட்டும் தெரிந்தது. அடுத்த நாளிலிருந்து உன் வரிசையையும் சேர்த்து நான் எடுத்தேன். நீ சில்வர் ஓக் நிழலில் உட்கார்ந்து மிளகு உதிர்த்தாய். பலா பழுத்தபோது, நாம் பேச்சை விட்டுச் சண்டை போட்ட அந்த மரத்தின் சுளையைப் பிய்த்து, விரல் மடங்காத உனக்கு நானே கொட்டை எடுத்துக் கொடுத்தேன். "இனிக்குதுங்கக்கா, சண்டை போடத் தக்க மரந்தான்," என்றாய்.

கடைசி முறை போன நாளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கலாமா என்று பார்க்கிறேன். முடியவில்லை.

இரண்டு வாரமாக உனக்கு மாத்திரை இல்லை. கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. காலையில் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கினாய். ஜீப்புக்குச் சொல்லிவிட்டு வந்து பார்த்தால் நீ கட்டிலில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்க முயன்றுகொண்டிருந்தாய். விரல்களால் மூடியைத் திருக முடியவில்லை.

"இதைத் தெறந்து குடுங்கக்கா."

"வேண்டாம் கண்ணு. இன்னிக்கு மூஞ்சி எப்படி இருக்குதோ அப்படியே போலாம். அவிங்க பாக்கட்டும்."

"அந்த நர்ஸம்மா மறுபடியும் மூஞ்சிய சுளிப்பாங்க. என்னால பாக்க முடியாதுங்கக்கா. ஊசியக் கூடத் தாங்கிக்குவேன்."

திறந்து கொடுத்தேன். பூசிவிடவில்லை. கண்ணாடியை மட்டும் பிடித்தேன். மடங்காத விரலால் நீயே ஒற்றி ஒற்றிப் பூசினாய். உன் வெங்காயக் கலர்ச் சேலையை உடுத்திக்கொண்டாய். வாசலில் நின்ற சாமந்தியைக் கிள்ளிக் கொடுக்கச் சொல்லி, உதிர்ந்தது போக மிச்சமிருந்த முடியில் செருகிக்கொண்டாய். ஜீப்பில் ஏறும்போது பார்த்தவர்கள் ஏதோ விருந்துக்குப் போகிறாய் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கீழே புது டாக்டர் ஒருத்தர் டூட்டியில் இருந்தார். கூட்டம். யாரோ வண்டியில் அடிபட்டு வந்திருந்தார்கள். அவர் உன்னை ஒரு பார்வை பார்த்தார். "எப்படி இருக்கீங்க?" என்றார்.

"பரவாயில்லீங்க சாமி," என்றாய்.

அந்த நர்ஸம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "இவங்க அடிக்கடி வர்றவங்கதான் சார். உக்காரட்டும்."

உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தாய். உன் மூச்சுச் சத்தம் எனக்குப் பக்கத்தில் கேட்டது, கிழிந்த துணியைத் திரும்பத் திரும்பக் கிழிப்பது போல. எழுந்து போய்ச் சொன்னேன். உக்காருங்கம்மா என்றார்கள். மறுபடி போனேன். வரிசையாத்தான் பாக்க முடியும் என்றார்கள். மூன்றாவது முறை போனபோது சத்தம் போட்டேன். சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்கள்.

திரும்பி வந்தேன். என் முந்தானையைத் தண்ணீர்க் குழாயில் நனைத்தேன். எல்லாரும் பார்க்க, உன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, உன் முகத்தைத் துடைத்தேன். பவுடர் எல்லாம் கலைந்து கீழே இருந்த சிவப்பு முழுசாகத் தெரிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அப்புறம்தான் அந்த டூட்டி டாக்டர் ஓடி வந்தார். ஓடித்தான் வந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். படுக்கையில் போட்டார்கள், மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள்.

ஆனால் நான் துடைத்தபோது நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. சந்தை நடுவில் சேலையை உருவியவளைப் பார்ப்பது போலப் பார்த்தாய். அந்த டாக்டரம்மா உன்னைக் கேட்டுத் துடைத்தாள். எனக்குக் கேட்க நேரமில்லை. இன்றைக்கு அந்தப் பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாலும் நான் அதையேதான் செய்வேன். செய்துவிட்டு இதே மாதிரி வெந்துகொண்டிருப்பேன்.

சிறுநீரகம் போய்விட்டது, நெஞ்சில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார்கள். முன்னாலேயே! அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் வராத மாசம் ஒன்று இருந்ததா?

மறுநாள் மத்தியானம் கொஞ்சம் தெளிந்தாய். என்னை மன்னித்துவிட்டாயா என்று முகத்தைப் பார்த்தேன். நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூக்குக் குழாயோடு மெல்லச் சொன்னாய்: "ஊட்டுக்குப் போறப்பவாவது பூசி உடுங்கக்கா." சரி என்றேன். சாயங்காலம் நீ போய்விட்டாய்.

ஊருக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டிய பிறகு, அந்த டப்பாவை எடுத்து நானே பூசினேன். அதுவரைக்கும் ஒரு நாளும் உனக்குப் பூசாதவள். நெற்றி, கன்னம், மூக்குத் தண்டு. பட்டாம்பூச்சி மறையும் வரைக்கும் பூசினேன். வந்தவர்கள் எல்லாம், "தூங்கற மாதிரியே இருக்குறா," என்றார்கள்.

கருமாதி அன்றைக்கு உன் புருஷன் ஒரு வார்த்தை சொன்னான். பத்துப் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், "பவுடரைப் பூசி மறைச்சுட்டுப் போய் நின்னா டாக்டருக்கு எப்படித் தெரியும்? அவளே கெடுத்துக்கிட்டா," என்றான். துக்கத்தில் சொன்னான் என்று எல்லாரும் சமாதானம் பேசினார்கள். எனக்கு ஆறவில்லை.

"பவுடர் என்ன கல்நார் ஓடா? ஒரு பஞ்சு, ஒரு சொட்டுத் தண்ணி. தொடைச்சுப் பாக்கறதுக்கு ஒருத்தி இருந்தாளே, அவளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு இலையில் உட்காராமல் எழுந்து வந்தேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. நம் வீடுகளுக்கு நடுவில் பேச்சில்லாமல் இருப்பது எனக்குப் புதிதா என்ன?

உன் மேல் தப்பு என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நோயாளி நோயாளி மாதிரி வந்தால்தான் பார்ப்போம் என்று எந்தச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை. சுத்தமாக வந்தது குற்றமா? மரியாதையாகப் பதில் சொன்னது குற்றமா? அடிக்கடி வருகிறவள் என்றால் அடிக்கடி நோகிறவள் என்றுதானே அர்த்தம்?

இப்போது நம் பக்கத்துப் பெண்கள் யார் கீழே ஆஸ்பத்திரிக்குப் போனாலும் துணைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். பூசிக்கொள்ளுங்கள், பூ வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். யார் முன்னாலும் நம் பெண்கள் அழுக்காகப் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் டாக்டர் எப்படி இருக்கீங்க என்று கேட்டதும், அவர்கள் வாயைத் திறக்கும் முன்னால் நான் முந்திக்கொள்கிறேன்.

இன்று என்னைக் கேட்டார்கள். முட்டி டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே, "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார். எத்தனை வருசப் பழக்கம், நாக்கு தானாக எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பஸ்ஸில் மூச்சோடு போன உன் வாசனை இன்னும் தொண்டையில் நின்றது.

"நல்லா இல்லீங்க," என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் பார்க்கிறார்கள். உனக்கு அது தெரியாமல் போய்விட்டதே கண்ணு.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தேன். வரப்பில் பலா மரத்தடியில் உன் புருஷன் நின்றுகொண்டிருந்தான். கையில் உன் கறுப்புக் குடை, தூறல்கூட இல்லை. நான் கடந்து போகும்போது, கருமாதிக்குப் பிறகு முதல் தடவையாக, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"நல்லா இருக்கீங்களா அண்ணி?"

நின்றேன்.

"நல்லா இல்ல தம்பி," என்றேன்.

அவன் குடைக் கம்பியைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு, "நானுந்தானுங்க," என்றான்.

கருமாதியில் அவன் சொன்ன அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் இருட்டும் வரைக்கும் இரண்டு பேரும் அந்த மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தோம்.